ஃபார்ம்: குரோமில் ரீலோடு செய்தால் எல்லாம் போகிறது, ஃபயர்பாக்ஸில் எதுவும் போக மறுக்கிறது

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பப் பக்கம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பின்னால், அதாவது சர்வரில், லாராவெல் (பிஎச்பி மொழியில் தளம் கட்டும் சட்டகம்); முன்னால், அதாவது பிரவுசரில், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட். பெயர், பெற்றோர் பெயர், மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஒன்றைப் பார்த்து ஒன்று மாறும் மூன்று டிராப்டவுன், ஆண்டு வருமானம், சான்றிதழ் பதிவேற்றம், கடைசியில் குடும்பச் சூழலைப் பற்றி எழுத ஒரு பெரிய பெட்டி.

டெஸ்டர் இரண்டு பக் (பிழைப் புகார்) போட்டிருக்கிறார். முதலாவது: "ரீலோடு செய்தால் நிரப்பியதெல்லாம் காணாமல் போகிறது." இரண்டாவது: "ரீலோடு செய்தாலும் பழைய மதிப்புகள் அப்படியே நிற்கின்றன." முதலாவது குரோமில், இரண்டாவது ஃபயர்பாக்ஸில். நிரல் ஒன்றுதான், ஒரு வரிகூட வித்தியாசம் கிடையாது. இதில் எது சரி, எதைத் திருத்துவது? எல்லாவற்றையும் லோக்கல்ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) போட்டுவிட்டால் முடிந்ததா?

பத்துடேப்:
முடிந்தது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இன்புட் நிகழ்வில் லோக்கல்ஸ்டோரேஜில் எழுது, பக்கம் ஏறும்போது எடுத்து நிரப்பு. பத்து வரி. அடுத்த கேள்வி.

பழையநிரலர்:
தம்பி பத்துடேப் சொல்கிற பத்து வரி எனக்கும் தெரியும். அது நூறு வரி ஆவதையும் பார்த்திருக்கிறேன். முதலில் டெஸ்டரின் இரண்டு பக்கையும் பிரித்துக்கொள்வோம்.

ஃபயர்பாக்ஸ் சாதாரண ரீலோடில் பயனர் தட்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது பிழை இல்லை, அதன் பழக்கம். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தி முழு ரீலோடு செய்தால் விட்டுவிடும். குரோம் சாதாரண ரீலோடில் ஃபார்மைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் வேறு பக்கம் போய் பேக் பட்டனில் திரும்பினால் அதுவும் நிரப்பித் தரும். ஆக "ரீலோடு", "பின்னால் போவது", "டேப் செத்துத் திரும்ப வருவது", "சப்மிட் செய்து சர்வர் பிழை காட்டுவது" நான்கும் நான்கு வேறு சங்கதிகள். வைகைக்கரை, உங்கள் பயனருக்கு இவற்றில் எது நிஜமாக நடக்கும் என்று முதலில் சொல்லுங்கள். எஃப்5 அடிக்கிற மாணவர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

வைகைக்கரை:
நியாயமான கேள்வி அண்ணே. பெரும்பாலானோர் ஃபோனில் நிரப்புவார்கள். சிலர் பிரவுசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டுவார்கள். புகார் வந்த இடம் எது என்றால், ஃபோனில் சான்றிதழைப் படம் எடுக்கக் கேமரா திறந்துவிட்டுத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது.

கரிசல்பெண்:
அது ரொம்பப் பொதுவான தொல்லை. ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் கேமரா திறந்ததும் பின்னால் இருக்கும் பிரவுசரை அது கொன்றுவிடும். பயனர் ரீலோடு பட்டனைத் தொடவே இல்லை, ஆனாலும் ரீலோடு ஆகிவிட்டது. இந்த மாதிரித் திரும்பும்போது பிரவுசர் தன் நினைவிலிருந்து சிலவற்றை நிரப்பப் பார்க்கும். எச்டிஎம்எல்லிலேயே இருந்த ஃபீல்டுகளுக்கு அது ஓரளவு வேலை செய்யும். ஸ்கிரிப்ட் பிற்பாடு கட்டுகிற ஃபீல்டுகளுக்கு நம்ப முடியாது. உங்கள் வட்டம், கிராமம் டிராப்டவுன்கள் அந்த ரகம்.

அதனால் சேமிப்பது எப்போது என்பது முக்கியம். தட்டத் தட்ட சேமியுங்கள், ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் வேண்டாம்; தட்டுவது அரை விநாடி நின்றால் எழுதினால் போதும். அதோடு விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில், பக்கம் மறையும் நிலைக்குப் போகும்போது, கையில் இருப்பதை உடனே எழுதிவிடுங்கள். ஃபோனில் நமக்கு நம்பகமாகக் கிடைக்கும் கடைசி மணி அதுதான். பக்கம் மூடும்போது எழ வேண்டிய அன்லோடு நிகழ்வை நம்பி உட்காராதீர்கள், பல சமயம் வரவே வராது.

கீழவாசல்:
இவ்வளவு எதற்கு? "நீங்கள் நிரப்பியவை அழிந்துவிடும், போகலாமா?" என்று பிஃபோர்அன்லோடில் ஒரு எச்சரிக்கை காட்டினால் பயனரே பார்த்துக்கொள்வார்.

கரிசல்பெண்:
கேமரா பிரவுசரைக் கொல்லும்போது யாரிடம் கேட்கும்? அந்த எச்சரிக்கையில் நீங்கள் எழுதும் வாசகமும் வராது. பிரவுசர்கள் தங்கள் சொந்த வாசகத்தைத்தான் காட்டுகின்றன. பயனர் பக்கத்தில் எதையும் தொடாமல் இருந்தால் சில பிரவுசர்கள் காட்டுவதே இல்லை. கணினியில் தவறுதலாக டேப்பை மூடுகிறவருக்கு உதவும், சேமிக்காத மாற்றம் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

பழையநிரலர்:
கரிசல்பெண் சொன்னதோடு சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கே சேமிப்பது? செஷன்ஸ்டோரேஜ் ஒரு டேப்புக்கு மட்டும் உரியது. ரீலோடைத் தாங்கும், டேப் செத்து மீண்டாலும் தாங்கும், டேப்பை மூடினால் போய்விடும். லோக்கல்ஸ்டோரேஜ் அந்தத் தளம் முழுவதற்கும் பொது, மூடினாலும் இருக்கும். இரண்டும் சரம் (எழுத்துத் தொடர்) மட்டும்தான் வாங்கும், அதனால் ஜேசனாக (தரவை ஒரே சரமாக எழுதும் வடிவம்) மாற்றிப் போட வேண்டும். அளவு ஏறக்குறைய 5 எம்பி, ஒரு விண்ணப்பத்துக்கு அது தாராளம். சஃபாரியில் ஒரு விஷயம்: 2020-இல் வந்த 13.1 பதிப்பிலிருந்து, அந்தத் தளத்தைப் பயனர் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால் ஸ்கிரிப்ட் எழுதிய சேமிப்பை அழித்துவிடும். "அடுத்த மாதம் வந்து தொடருங்கள்" என்று லோக்கல்ஸ்டோரேஜை நம்பி வாக்குறுதி தராதீர்கள்.

இப்போது பத்துடேப்பின் பத்து வரிக்கு வருவோம். செக்பாக்ஸுக்கு மதிப்பைச் சேமித்துப் பயனில்லை, டிக் இருக்கிறதா என்பதைச் சேமிக்க வேண்டும். டிக் இல்லாத செக்பாக்ஸ் ஃபார்ம்டேட்டாவில் (பிரவுசர் திரட்டித் தரும் ஃபார்ம் மதிப்புகள்) வரவே வராது. அதை அப்படியே சேமித்தால் "டிக் எடுத்துவிட்டார்" என்பதும் "தொடவே இல்லை" என்பதும் ஒன்றாகிவிடும். இயல்பாகவே டிக்கோடு வருகிற பெட்டியைப் பயனர் எடுத்துவிட்டிருந்தால், மீட்கும்போது டிக் திரும்பி உட்கார்ந்திருக்கும். ரேடியோவில் ஒரே பெயரில் பல இருக்கும். பல தெரிவு உள்ள டிராப்டவுனில் மதிப்பு பட்டியலாக இருக்கும்.

அப்புறம் உங்கள் மாவட்டம், வட்டம், கிராமம். பக்கம் ஏறியதும் மூன்றுக்கும் மதிப்பைத் தூக்கிப் போட்டால் மாவட்டம் மட்டும்தான் நிற்கும். வட்டத்தின் பட்டியல் சர்வரிலிருந்து இன்னும் வந்திருக்காது. இல்லாத தெரிவை டிராப்டவுனுக்குக் கொடுத்தால் அது சத்தம் போடாமல் வெறுமையாகிவிடும். பிழைச் செய்தியும் வராது, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலும் மௌனமாக இருக்கும். மாவட்டத்தைப் போடு, வட்டப் பட்டியல் வரும்வரை காத்திரு, வட்டத்தைப் போடு, கிராமப் பட்டியலுக்குக் காத்திரு என்று வரிசையாகத்தான் போக வேண்டும். இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது: நடுவில் வெறுமையாக நிற்கும் வட்டத்தை உங்கள் தானியங்கிச் சேமிப்பு பார்த்துவிட்டு, "வட்டம்: ஒன்றுமில்லை" என்று டிராஃப்ட் (சேமித்து வைத்த வரைவு) மேல் எழுதிவிடும். மீட்பு முடியும்வரை சேமிப்பை நிறுத்தி வையுங்கள்.

இன்னொன்று. ஸ்கிரிப்ட் வழியாக மதிப்பைப் போட்டால் இன்புட் நிகழ்வோ சேஞ்ச் நிகழ்வோ தானாக எழாது. வருமானத்தைப் பார்த்து வேறு கேள்விகளை மறைத்துக் காட்டுகிறீர்கள் என்றால், மதிப்பு வந்திருக்கும், கேள்வி மறைந்தே இருக்கும். நீங்களே அந்த நிகழ்வை எழுப்ப வேண்டும்.

பத்துடேப்:
சரி சரி, பத்து வரி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இதற்குப் பதிலாக மதிப்புகளைப் பக்கத்தின் முகவரியிலேயே (யூஆர்எல்) போட்டால்? ரீலோடு, பேக் பட்டன், நண்பருக்கு அனுப்புவது எல்லாம் தானாக வேலை செய்யுமே. ஹிஸ்டரியில் ரீப்ளேஸ்ஸ்டேட் (பக்கம் மறுபடி ஏறாமல் முகவரியை மட்டும் மாற்றுவது) செய்தால் போதும்.

கீழவாசல்:
குடும்ப வருமானத்தை முகவரியில் போட்டு நண்பருக்கு அனுப்பவா?

பழையநிரலர்:
தேடல், வடிகட்டி, பக்க எண், வரிசைப்படுத்தல் இவற்றுக்கு முகவரிதான் முதல் இடம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ரீலோடில் வடிகட்டி அழிந்துபோகும் பட்டியல் பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஆனால் விண்ணப்பத்துக்கு வேண்டாம். முகவரி சர்வர் பதிவில் ஏறும், பிரவுசர் வரலாற்றில் நிற்கும். நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு: "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடு, ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. குடும்பச் சூழலை ஒரு பத்தி எழுதினால் முகவரி எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
தமிழ் என்றதும் ஞாபகம் வருகிறது. டிராஃப்டை சர்வரிலும் வைக்கலாம் என்று முயன்றேன். பக்கம் ஏறியதும் சர்வரிடம் கேட்டு நிரப்புகிறது. மெதுவான நெட்டில், பயனர் தமிழில் தட்ட ஆரம்பித்த பிறகு பழைய டிராஃப்ட் வந்து மேலே உட்காருகிறது. சில சமயம் எழுத்தே உடைந்து போகிறது, பாதி எழுத்து இரண்டு முறை வருகிறது.

கரிசல்பெண்:
தமிழ் விசைப்பலகைகள் பல, குறிப்பாக ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவை, எழுத்தைக் கோத்து முடிக்கும்வரை "கம்போசிஷன்" என்ற நிலையில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் பெட்டியின் மதிப்பை மாற்றினால் கோர்வை அறுந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. சேமிப்பதால் ஆபத்து இல்லை, திரும்ப எழுதுவதுதான் ஆபத்து.

விதி எளிது: பயனர் தொட்ட பெட்டியை அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் தொடக்கூடாது. எழுத்துப் பெட்டிகளுக்கு மதிப்பு, இயல்மதிப்பு என்று இரண்டு இருக்கின்றன; செக்பாக்ஸுக்கு டிக், இயல்டிக் என்றும், டிராப்டவுனில் ஒவ்வொரு தெரிவுக்கும் தெரிவானதா, இயல்பாகத் தெரிவானதா என்றும் இருக்கும். எச்டிஎம்எல்லில் எழுதியது இயல்மதிப்பு, இப்போது இருப்பது மதிப்பு. இரண்டும் ஒன்றாக இருந்தால் யாரும் தொடவில்லை, நிரப்பலாம். வேறாக இருந்தால் பயனர் தட்டியிருக்கிறார், அல்லது பிரவுசரே மீட்டுவிட்டது, விட்டுவிடுங்கள். டெஸ்டர் சொன்ன ஃபயர்பாக்ஸ் விவகாரமும் இதோடு தீரும், ஏனென்றால் ஃபயர்பாக்ஸ் மீட்டுத் தந்ததின் மேல் நீங்கள் பழைய டிராஃப்டைக் கொட்ட மாட்டீர்கள்.

இந்த ஒப்பீட்டைப் பக்கம் திரைக்கு வந்ததும் எழும் பேஜ்ஷோ நிகழ்வில் செய்யுங்கள். எச்டிஎம்எல்லைப் படித்து முடித்ததும் எழும் டாம்கன்டென்ட்லோடடில் செய்தால் சில பிரவுசரில் மீட்பு இன்னும் முடிந்திருக்காது.

நெல்லைச்சீமை:
நான் ரியாக்ட் (பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஆள், சம்பந்தம் இருப்பதால் நுழைகிறேன். சர்வரில் வரைந்து அனுப்பும் பக்கங்களில் இதே கூத்து நடக்கும். ஃபயர்பாக்ஸ் பெட்டியில் பழைய எழுத்தை நிரப்பிவிடும், ஆனால் ரியாக்டின் ஸ்டேட் (நிரல் தன்னிடம் வைத்திருக்கும் மதிப்புகள்) வெறுமை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பெயர் தெரிகிறது, சப்மிட் செய்தால் "பெயர் தேவை" என்கிறது. பயனருக்குப் பைத்தியம் பிடிக்கும். பக்கம் உயிர்பெற்றதும் டாமில் (பிரவுசரில் உள்ள பக்கத்தின் உருவம்) இருக்கும் மதிப்பைப் படித்து ஸ்டேட்டில் போடுவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது, பெரிய ஃபார்மில் ஸ்டேட்டையே கட்டாமல் டிஃபால்ட்வேல்யூ (இயல்மதிப்பு) கொடுத்து, சப்மிட்டில் ஃபார்ம்டேட்டாவாக எடுப்பது. பிரவுசர் தானே செய்கிற வேலையைப் பிடுங்கி நாம் செய்ய வேண்டியதில்லை.

கீழவாசல்:
எனக்குப் புரியாத இடம் வேறு. சப்மிட் செய்து, சர்வர் "வருமானம் எண்ணாக இருக்க வேண்டும்" என்று திருப்பி அனுப்பும்போது இந்த டிராஃப்ட் எல்லாம் எங்கே வருகிறது?

பழையநிரலர்:
அங்கே வரக்கூடாது. அது சர்வரின் வேலை, லாராவெல் அதைப் பழைய உள்ளீடாக ஒரு முறைக்கு மட்டும் செஷனில் (சர்வர் அந்தப் பயனருக்காக வைக்கும் தற்காலிக நினைவு) வைத்துத் தருகிறது. "ஓல்டு" என்ற செயற்கூறை ஃபீல்டில் போட்டால் போதும். கடவுச்சொல்லை அது வேண்டுமென்றே வைக்காது. கோப்பும் திரும்ப வராது. பைத்தான் மொழியின் ஜாங்கோவில் பிழையோடு கூடிய ஃபார்மையே திரும்ப வரைவார்கள். எதுவானாலும், சர்வர் தந்த மதிப்பு டிராஃப்டைவிடப் புதியது. ஆனால் பழைய உள்ளீடு எச்டிஎம்எல்லில் இயல்மதிப்பாகவே வரும் என்பதால், கரிசல்பெண் சொன்ன ஒப்பீடு இங்கே ஏமாறும்: யாரும் தொடவில்லை என்று நினைத்து டிராஃப்டை ஊற்றிவிடும். பிழையோடு வந்த பக்கத்தில் ஃபார்மின் மேல் ஒரு அடையாளம் வையுங்கள், அதைப் பார்த்தால் மீட்பை முழுக்க விட்டுவிடுங்கள்.

வெற்றியானால் நேராகப் பக்கத்தை வரையாதீர்கள். 303 (வேறு பக்கத்துக்குப் போ என்னும் சர்வர் பதில்) கொடுத்து நன்றிப் பக்கத்துக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் அங்கே ரீலோடு செய்கிறவரிடம் "மறுபடி அனுப்பவா" என்று பிரவுசர் கேட்கும், அவரும் சரி என்பார், இரண்டு விண்ணப்பம் வரும். டிராஃப்டை அழிப்பது அந்த நன்றிப் பக்கத்தில். சப்மிட் பட்டனை அழுத்தியதும் அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் நெட் போனால் பயனரிடம் ஒன்றுமே மிஞ்சாது.

வைகைக்கரை:
இதில் லாராவெல் தரும் 419 பிழை எங்கே வரும் அண்ணே? மதியம் ஆரம்பித்து, வருமானச் சான்றிதழ் தேடிப்போய், சாயங்காலம் வந்து அனுப்பினால் "பக்கம் காலாவதி" என்கிறது.

பழையநிரலர்:
லாராவெல் செஷன் இயல்பாக 120 நிமிடம். அது போனதும் ஃபார்மில் இருக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (நம் பக்கத்திலிருந்துதான் அனுப்பப்பட்டது என்று காட்டும் மறைவு அடையாளம்) செல்லாது. பயனர் ஃபார்ம் பக்கத்துக்குத் திரும்பி ரீலோடு செய்தால் புதிய டோக்கன் வரும், டிராஃப்ட் நிரப்பும், அனுப்பலாம். உங்கள் டிராஃப்ட் உண்மையில் சோறு போடப்போவது இங்கேதான். ஆனால் ஃபார்மில் உள்ள எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகச் சேமித்தால் பழைய டோக்கனும் டிராஃப்டில் போய், மீட்கும்போது புதியதின் மேல் உட்காரும். பிறகு எத்தனை முறை ரீலோடு செய்தாலும் 419தான். மறைவு ஃபீல்டுகளைச் சேமிக்கவே வேண்டாம். சேமிக்க வேண்டியவற்றின் பெயர்களை வெளிப்படையாக எழுதுங்கள். "இதைத் தவிர மற்றதெல்லாம்" என்ற பாணி ஒருநாள் ஓடிபியையோ ஆதார் எண்ணையோ எழுதிவிடும்.

கரிசல்பெண்:
ஆதார் எண் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். லோக்கல்ஸ்டோரேஜைப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் படிக்கலாம். பிரவுசிங் சென்டரில் முந்தின மாணவியின் அப்பா பெயரும் வருமானமும் அடுத்தவருக்கு நிரம்பி வந்தால்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். என் கருத்தில் உங்கள் பக்கத்துக்கு செஷன்ஸ்டோரேஜ்தான். டேப்பை மூடினால் போகட்டும்.

பத்துடேப்:
அக்கா, மூடினால் போகும் என்றால் சாயங்காலம் திரும்பி வருகிறவர் கதி? ஃபோனில் டேப்பைத் தள்ளி மூடுவது எல்லாரும் செய்வது. எனக்கு லோக்கல்ஸ்டோரேஜ்தான் பயனருக்கு நல்லது என்று படுகிறது. "இது பொதுக் கணினி" என்று ஒரு டிக் பெட்டி வைத்துவிடலாம்.

கரிசல்பெண்:
அந்த டிக்கை யார் போடுவார்கள் தம்பி? சென்டர்காரர் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தபடி தட்டுகிறார். திரும்பி வருகிறவர்களுக்கு சர்வர் டிராஃப்ட் இருக்கிறதே. கைபேசி எண்ணை ஓடிபியால் உறுதிசெய்த பிறகுதானே விண்ணப்பம் தொடங்குகிறது? அப்படியானால் நாள் கடந்து வருகிறவருக்கு சர்வர், ஒரே உட்காரலில் கேமரா கொன்றதை மீட்க செஷன்ஸ்டோரேஜ். டேப்பை நகலெடுத்தால் செஷன்ஸ்டோரேஜும் நகலாகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு டேப்பும் அதன்பின் தனித்தனியே போகும்.

நெல்லைச்சீமை:
கோப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. ஃபைல் ஃபீல்டுக்கு ஸ்கிரிப்ட் வழியாகப் பாதையைக் கொடுக்கப் பிரவுசர் அனுமதிக்காது, பாதுகாப்புக் காரணம். படத்தை இண்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளம்) வைத்துத் திரும்பக் கோப்பாகப் பொருத்த வழி உண்டு, ஆனால் இந்த இடத்துக்கு அது வீண் வேலை. படம் தேர்ந்தெடுத்ததும் உடனே சர்வருக்கு ஏற்றி ஒரு தற்காலிக அடையாள எண்ணை வாங்கி அதை டிராஃப்டில் வையுங்கள். மீட்கும்போது "சான்றிதழ் ஏற்கெனவே ஏற்றப்பட்டது, மாற்ற இங்கே" என்று காட்டினால் போதும். அனுப்பாமலே விட்டுப் போனவர்களின் படங்களைச் சர்வரிலிருந்து துடைக்க ஒரு வேலை ஓட வேண்டும், அதை மறந்தால் டிஸ்க் நிரம்பும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கரிசல்பெண் அக்கா சொன்ன வழியிலேயே போகிறேன். டிராஃப்டைச் சேமிக்கும் பெயரில் (கீ) விண்ணப்பத்தின் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஃபீல்டு மாறினால் பழைய டிராஃப்ட் தானாகத் தள்ளுபடி. மீட்டதும் மேலே "முன்பு நிரப்பியவை மீட்கப்பட்டன" என்று ஒரு வரி, பக்கத்தில் "அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு" என்ற பட்டன்.

ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு முறை அழுத்தாமல் இருக்க, சப்மிட் ஆனதும் பட்டனை முடக்குகிறேன். ஃபயர்பாக்ஸில் அதன்பின் ரீலோடு செய்தால் பட்டன் முடங்கியே நிற்கிறது. எச்டிஎம்எல்லில் முடக்கம் இல்லை, பார்த்துவிட்டேன்.

பழையநிரலர்:
ஃபயர்பாக்ஸ் மதிப்போடு சேர்த்து முடக்க நிலையையும் நினைவில் வைக்கும். அந்தப் பட்டனுக்கு மட்டும் ஆட்டோகம்ப்ளீட் ஆஃப் என்று கொடுங்கள், விட்டுவிடும். ஃபார்ம் முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள்; அப்படிச் செய்தால் பேக் பட்டனில் திரும்பும்போது பிரவுசர் இலவசமாகத் தருகிற மீட்பும் போய்விடும், பெயர் முகவரி தானாக நிரம்புவதும் பாதிக்கும். அதோடு பேஜ்ஷோவில் பெர்சிஸ்டட் உண்மையாக இருந்தால் பட்டனை நீங்களே திறந்துவிடுங்கள். பின்னால் போய் வரும்போது பிரவுசர் உறைய வைத்த பக்கத்தை அப்படியே எழுப்பும், ஸ்கிரிப்ட் முதலிலிருந்து ஓடாது. அப்போது முடக்கிய பட்டன் முடக்கியபடியேதான் வரும், குரோமிலும் சரி, சஃபாரியிலும் சரி.

வைகைக்கரை:
இரண்டையும் போட்டேன், பட்டன் திறக்கிறது. டெஸ்டரின் இரண்டாவது பக்கை "இது பிரவுசரின் இயல்பு" என்று எழுதி மூடிவிட்டேன். அவர் திரும்பத் திறந்திருக்கிறார்.

பத்துடேப்:
இரண்டு பிரவுசரிலும் ரீலோடு செய்து காட்டுங்கள். இப்போது இரண்டிலும் நிரம்பித்தானே வரும்?